பெரம்பூரிலிருந்து வெண்ணாற்றங்கரைக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் கே. எம். செரியன் அவர்களுக்கு,

தஞ்சாவூர்ப் பக்கம் வெண்ணாற்றங்கரையிலிருந்து ஒரு விவசாயியின் மகள் எழுதுகிறேன். 2025 ஜனவரியில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் இந்த நன்றி உங்கள் பெயருக்குத்தான் வர வேண்டும்.

1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை வைத்து இதய அடைப்புக்கு மாற்றுவழி போட்டார். எட்டே ஆண்டுகளில், 1975இல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நீங்கள் செய்ததைத்தான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் என்கிறார்கள். ரயில்வே தொழிலாளியும் அவர் குடும்பமும் வைத்தியத்துக்குப் போகிற இடத்தில் அது நடந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம். அந்தக் கைப்பழக்கம் ஊர் ஊராகப் பரவியதால்தான், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போன எங்கள் அப்பாவுக்குத் தஞ்சாவூரிலேயே மூன்று அடைப்புக்கு ஆபரேஷன் நடந்தது.

அதற்குப் பிறகுதான் பாடு. அறுத்த நெஞ்செலும்பு கூடும்வரை, மூன்று மாதம், மண்வெட்டி தொடக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். சர்க்கரை இருந்ததால், ரத்தக்குழாய் எடுத்த காலில் தையல் ஆற நாளாயிற்று. ஆறாத புண்ணோடு சேற்றில் இறங்க முடியுமா? ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரெல்லாம் குறுவை நடவு. அப்பா திண்ணையில். யாரோடும் பேச்சில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சில நாள் அழவும் செய்தார். பைபாஸ் ஆனவர்கள் பலருக்கு இந்த மனச்சோர்வு வரும் என்று வார்டிலிருந்த நர்ஸ் அக்கா முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் நாங்கள் மிரளவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கும் உங்களுக்கு இணையாக நன்றி சொல்கிறேன்.

அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட வழி கிடைத்துவிட்டது. அடைப்பை உண்டாக்கிய நோய் உடம்பிலேயேதான் இருக்கிறது. மார்பின் உள்பக்கத் தமனியை எடுத்துப் போட்ட வழி நெடுங்காலம் உழைக்கும். கால் ரத்தக்குழாயில் போட்டவற்றில் பாதிவரை பத்து ஆண்டுகளில் அடைபடலாம் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தவே முடியாது. பீடியை அப்பா ஆபரேஷனோடு விட்டார். மூன்று வேளையும் சோறு உண்கிற ஊரில் சோற்றைக் குறைப்பதுதான் அதைவிடக் கஷ்டம். அதையும் குறைத்தார்.

சம்பா நடவுக்கு வயலுக்கு வந்துவிட்டார். மூட்டை தூக்க மட்டும் நாங்கள் இன்னும் விடுவதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு மாமா நெஞ்சைப் பிசைகிறது என்றதும், சோடா வாங்க ஓடியவர்களை நிறுத்தி, ஆட்டோ பிடித்து அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனது அப்பாதான்.


வெண்ணாற்றங்கரையிலிருந்து ஒரு மகள்