கண்ணில் படாத ஒப்ஷன்

இன்றைக்குக் கொஞ்சம் ஐசிரி பாடம். கணினி தெரியாதவர்களும் கடைசி வரை வாசியுங்கள், ஓ/எல் எழுதிய பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

ஏ/எல் மாணவன் ஒருவன் லினக்ஸ் கேர்னலைத் தானே கட்டிப் பழகுகிறான். ஒன்றுமே இல்லாத மிகச் சிறிய அமைப்பில் ஆரம்பித்து, வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறான். வந்து சொன்னான்: "சேர், இதில பென் ட்ரைவ் வேலை செய்யாது போல. யூஎஸ்பி மெனுவில அதக் காணல்ல."

கேர்னலில் பத்தாயிரத்துக்கும் அதிகமான ஒப்ஷன்கள் உண்டு. எது எதில் தங்கியிருக்கிறது என்பதை கேகொன்பிக் என்ற முறை 2002 முதல் கவனித்துவருகிறது. ஒன்றுக்குத் தேவையான மற்றொன்று இல்லையென்றால், மெனுவில் அது பொதுவாகக் கண்ணிலேயே படாது. மறுக்கப்பட்டது என்றும் சொல்லாது.

மெனுவில் சாய்கோட்டை அழுத்தி யூஎஸ்பி ஸ்டோரேஜ் என்ற பெயரைத் தேடச் சொன்னேன். 'டிபென்ட்ஸ் ஒன் ஸ்கஸி' என்று வந்தது. ஸ்கஸி பழைய சேவர் டிஸ்க்குக்கு உரியது என்று நினைத்து அதை அவன் தொடவேயில்லை. ஆனால் பென் ட்ரைவ் பேசுவது ஸ்கஸி கட்டளைகளைத்தான். ஸ்கஸியை ஓன் பண்ணியதும் ஒப்ஷன் வந்துவிட்டது.

அதோடும் முடியவில்லை. ஸ்கஸி டிஸ்க் ஆதரவு என்று இன்னொன்று இருக்கிறது. அது கட்டாய நிபந்தனை இல்லை, "தேவைப்படலாம்" என்று மெனுவில் ஒரு குறிப்பு மட்டும்தான். அதை விட்டாலும் கேர்னல் பிழையில்லாமல் கட்டப்படும். பென் ட்ரைவைச் செருகினால் டிஸ்க் மட்டும் வராது.

இதற்கு எதிர்ப்பக்கம் 'செலெக்ட்'. ஒன்றை ஓன் பண்ணினால் இன்னொன்றையும் அது தானாக ஓன் பண்ணிவிடும். சாட்டா ஒப்ஷன் ஸ்கஸியைக் கொண்டுவருவது இப்படித்தான். வசதிதான். ஆனால் செலெக்ட், தான் ஓன் பண்ணுகிற ஒப்ஷனின் சொந்தத் தேவைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. அதனால் கவனமாகப் பாவியுங்கள் என்று கேர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. அடியில் ஒன்று குறைந்தால் எச்சரிக்கை வரும், சிலவேளை கட்டுமானமே இடையில் நிற்கும்.

இப்போது ஏ/எல்லுக்கு வருவோம். கணிதப் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாக ஐசிரி எடுக்கலாம். கணினி சார்ந்த பட்டங்களுக்கு அது நல்ல வழி. ஆனால் பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். பாடம் தெரிவு செய்கிற அன்று இதை யாரும் மறுத்துச் சொல்வதில்லை. இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அந்தத் துறை பட்டியலில் இல்லை என்று தெரியவரும். பிள்ளையோ "எனக்குத் தகுதியில்லை" என்று முடிவெடுத்துவிடும்.

சில வீடுகளில் வாப்பாவே செலெக்ட். "இஞ்சினியர்தான்" என்று ஓன் பண்ணிவிடுவார். கணிதத்தில் அடித்தளம் இருக்கிறதா, பிள்ளைக்கு விருப்பமா என்று பார்ப்பதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் ஒவ்வொரு பட்டத்துக்கும் தேவையான பாடங்கள் இருக்கின்றன. பிள்ளை விரும்புகிற பட்டத்தை முதலில் அதில் தேடுங்கள், பாடத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கொமெண்டில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் தெரிந்ததைச் சொல்கிறேன்.