நன்று என்பது போதுமா?

ஒளிப்படம் எடுப்பது இன்று எளிதாகிவிட்டது. எடுத்தவர் அதை நம்மிடம் நீட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கையில் தக்க விடை சொல்வதுதான் இன்னும் எளிதாகவில்லை. ஆக்ஃபா கிளிக் 3 என்னும் சிறு கருவி நம் நடுத்தரக் குடும்பங்களில் உலவிய காலத்தில் ஒரு சுருளுக்கு 12 படங்களே கிடைத்தன. சுருள் கழுவப்பட்டுப் படங்களாகி வந்ததும் வீடே கூடி அமர்ந்து பார்த்தது, குறையும் சொன்னது. இன்றோ ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் உறங்குகின்றன. பார்ப்பவரிடம் எஞ்சியிருப்பது "அருமை" என்னும் ஒரே சொல்.

தலைநகரின் அரசுக் குடியிருப்பொன்றில், ஒளிப்படத்தில் பற்றுள்ள பத்துப் பன்னிரண்டு பேர் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று கூடுகிறோம். என்னைப் போன்ற எழுத்தர்கள் சிலர், பள்ளி ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் என அமைந்த கூட்டம் அது. தொழிலாகப் படமெடுப்பவர் எவரும் இலர். ஆளுக்கு இரண்டு படங்கள் காட்டலாம். பார்த்தவர் ஒவ்வொருவரும் ஏதேனும் சொல்லியாக வேண்டும். அங்கே நான் பெரிதும் கற்றது படமெடுக்கும் கலையை அன்று. பார்த்ததைச் சொல்லும் கலையையே.

இதில் எனக்கு முதல் ஆசான் என் அலுவலகம். எழுத்தர் எழுதிய வரைவு மேலதிகாரியிடமிருந்து இரு வகையாகத் திரும்பி வரும். சிலர் ஓரத்தில் "பேசவும்" என்று மட்டும் எழுதியிருப்பர். எது பிழை, எங்கே பிழை என்று அறியாத எழுத்தர் அறைவாயிலில் அஞ்சி நிற்பார். வேறு சிலர், இரண்டாம் பத்தியை முதலில் வைக்குமாறு அம்புக்குறி இட்டு அனுப்புவர். இத்தகையவரிடம் ஓராண்டு பணியாற்றியவருக்கு வரைவு எழுத வந்துவிடும். "படம் சரியில்லை" என்பது "பேசவும்" என்பதைப் போன்றது. "தலைக்குப் பின்னே விளக்குக் கம்பம் முளைத்தாற்போல் நிற்கிறது, இரண்டடி இடப்புறம் நகர்ந்திருந்தால் அது விலகியிருக்கும்" என்பது அம்புக்குறி.

விதிகளைக் கற்றவர்கள் அவற்றையே பிரம்பாக ஏந்துவதும் உண்டு. காட்சியை மூன்று பங்காகப் பிரித்து அமைக்க வேண்டும் என்னும் விதியை ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797-இல் தம் நூலில் எழுதினார். ஒளிப்படக்கலை அப்போது பிறக்கவேயில்லை. விதி பயனுள்ளதுதான். ஆயினும் பாரிஸ் நகரின் சான் லசார் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாவிக் கடக்கும் மனிதனை 1932-இல் ஆன்றி கார்த்தியே பிரேசோன் எடுத்தாரே, அப்படத்தை நினைத்துப் பாருங்கள். தாவும் உருவம் தெளிவின்றிக் கலங்கியிருக்கிறது. வேலியின் இடுக்கு வழியே எடுத்ததால் ஓரத்தை வெட்டவும் நேர்ந்தது. பிழைகளை மட்டும் எண்ணுபவர் அதைத் தள்ளிவிட்டிருப்பார்.

எங்கள் கூட்டத்திலும் அத்தகைய படம் ஒன்று வந்தது. தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் பிரிவில் பணிபுரிகிறார். அவருடைய தந்தையார் காலமாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. "பெரிதாக்கி மாட்ட ஒரு படம் தேர்ந்து தாருங்கள், சார்" என்று கைப்பேசியோடு வந்தார். தந்தையார் முன்பு தில்லிக்கு வந்திருந்தபோது எடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் அதில் இருந்தன. இந்தியா கேட் முழுமையாக இருந்தது. குதுப்மினார் உச்சிவரை இருந்தது. ஹூமாயூன் கல்லறையின் மாடமும் இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் எறும்பளவில் ஒரு வேட்டி தெரிந்தது. முகத்தைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகளாய்ச் சிதறியது. அப்படங்களை அவர் அன்றே நண்பர் பலருக்கு அனுப்பியிருந்தார். அனைவரும் "அருமை" என்றிருந்தனர். "கட்டடம் தெரிகிறது, அப்பாவைக் காணோமே, பத்தடி கிட்டே போய் எடு" என்று ஒருவரேனும் சொல்லியிருக்கலாம். தந்தையார் அதன்பின் ஒரு வாரம் தில்லியில்தான் இருந்தார்.

கடைசியில், நிஜாமுதீன் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று அகப்பட்டது. மூட்டையை இருக்கையின் அடியில் தள்ளிவிட்டு அவர் நிமிரும் கணம். சன்னல் ஒளி பாதி முகத்தில் விழுந்திருக்கிறது. "சாய்ந்திருக்கிறதே, கையும் கலங்கியிருக்கிறதே" என்று தொடங்கினார் ஒருவர். ஆசிரியை அவரைக் கையமர்த்தினார். இளைஞரிடம் நாங்கள் சொன்னது இவ்வளவே: "இதில்தான் உங்கள் அப்பா இருக்கிறார். ரயில் பெட்டியில் பின்னால் நகர இடமில்லாமல் அவரருகே நின்றீர்கள், அதனால் கிடைத்தது." அழிப்பதற்கென்று ஒதுக்கியிருந்த அப்படமே அவர் வீட்டுச் சுவரில் இப்போது தொங்குகிறது.

அடுத்த விடுமுறையில் ஊர் சென்றவர் தாயாரின் படங்கள் ஆறு கொணர்ந்தார். எல்லாம் அருகிருந்து எடுத்தவை. ஒன்றில் அடுக்களைச் சன்னலின் ஒளி மிகுந்து ஒரு கன்னம் வெளுத்துப்போயிருந்தது. அதைத் தயங்காமல் சொன்னோம். திரையில் அக்கன்னத்தின் மேல் விரல் வைத்தால் கருவி அவ்விடத்து ஒளியை அளந்துகொள்ளும் என்பதையும் சொன்னோம். அவர் குறித்துக்கொண்டார். தந்தையின் படத்தில் எதைச் சொல்லியும் பயனில்லை. தாயாரோ இருக்கிறார், மறுபடியும் எடுக்கலாம். மீண்டும் எடுக்க வாய்ப்புள்ள நாளில் சொல்லும் குறையே உதவி என்பது என் துணிபு. அந்நாளில் வாய்மூடி இருப்பது இரக்கமாகாது.

வள்ளுவர் இனிய சொல்லுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இடித்துரைப்போரின் துணையை வேறோர் அதிகாரத்தில் வற்புறுத்தினார். இரண்டையும் ஒரே வாயால் சொல்லப் பழகுவதே எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தின் பாடம். அதற்கு நாங்கள் கைக்கொள்ளும் முறை எளியது. முதலில், கண் எங்கே சென்று தங்குகிறது என்று சொல்வோம். பிறகு, எதைக் காட்ட விரும்பினார் என்று எடுத்தவரைக் கேட்போம். இரண்டும் ஒன்றாயின் மகிழ்வோம். வேறாயின், அடுத்த முறை செய்யத்தக்க ஒன்றை மட்டும் சொல்வோம். பத்துக் குறைகளை ஒருங்கே கேட்டவர் மறுமாதம் வருவதில்லை. ஒன்றைக் கேட்டவர் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு வருகிறார்.