பாட்டும் பூட்டும்

நம்மிடமுள்ள இறுவட்டுகள் சிலவற்றை அண்மையில் ஒரு சிறிய இசைக்கருவிக்கு மாற்றினோம். வேலை எளியது, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆயின் அது நம்முன் வைத்த வினா எளியதன்று. விலைகொடுத்து வாங்கிய பாட்டு யாருக்குச் சொந்தம்?

முதலில் மாற்றம் என்பது யாதெனப் பார்ப்போம். இறுவட்டில் ஒலியானது செக்கனுக்கு 44,100 தடவை அளந்து பதியப்படுகிறது. மூன்று நிமிடப் பாட்டொன்றுக்கு ஏறத்தாழ 32 மில்லியன் பைற்று இடம் வேண்டும். ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் பிரவுன்கோபர் ஆய்வு நிலையத்தார் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 முறை, செக்கனுக்கு 128 கிலோபிற்று அளவில், அதே பாட்டை 3 மில்லியனுக்குள் அடக்கிவிடும். உரத்த ஓசையொன்று ஒலிக்கையில் அதனை ஒட்டி எழும் மெல்லோசை செவிக்கு எட்டாது. எட்டாததைக் கழித்துவிடுவதே இதன் சூட்சுமம். கழித்தது மீளாது. சுருக்கியதை வேறொரு வடிவுக்கு மாற்றி மீண்டும் சுருக்கினால் இழப்பின்மேல் இழப்பே சேரும். ஆகவே மூலத்தைப் பேணி, அதிலிருந்தே பிரதி எடுத்தல் வேண்டும். இழப்பின்றிச் சுருக்கும் 'பிளாக்' வடிவம் இதற்கு உகந்தது. அதற்குக் கட்டணமும் இல்லை.

இது விஞ்ஞானம். இனி வணிகத்தைப் பார்ப்போம்.

2003 இல் அப்பிள் நிறுவனம் தொடங்கிய இசைக்கடையிலே பாட்டுகள் பூட்டுடன் விற்கப்பட்டன. காசு கொடுத்தவர் பிறிதொரு நிறுவனத்தின் கருவியில் அவற்றைக் கேட்க விரும்பினால், இறுவட்டில் எழுதி, அதிலிருந்து மீண்டும் எம்.பி.3 ஆக மாற்றவேண்டியிருந்தது. ஒலியின் இயல்பில் இத்தடை இல்லை. சந்தைக்காக மனிதர் இட்ட தடை அது. 2009 இல் அப்பூட்டு நீக்கப்பட்டது.

எம்.பி.3 முறையைச் சுற்றியும் காப்புரிமை வேலி இருந்தது. 1998 இல் அதற்கு உரிமக் கட்டணம் கோரப்பட்டபோது, கிறிஸ்தோபர் மொன்ற்கொமறி முதலானோர் கட்டணமற்ற 'வோபிஸ்' முறையை ஆக்கத் தலைப்பட்டனர். 2002 இல் அதன் முதற் பதிப்பு யாவர்க்கும் பொதுவாக வெளிவந்தது. 2017 இல் எம்.பி.3 உரிமத் திட்டமும் முடிவுற்றது.

வேலிகள் வீழ்ந்தன என்று நாம் மகிழ்ந்திருக்கலாமா? இன்று பலர் பாட்டை வாங்குவதேயில்லை. மாதக் கட்டணத்துக்கு வாடகையாகக் கேட்கின்றனர். கட்டணம் நின்றால், கருவியிற் சேர்த்துவைத்த பாட்டும் மௌனமாகிவிடும். கலைஞனின் உழைப்புக்கு உரிய ஊதியம் கிடைக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அப்பூட்டின் திறவுகோல் கலைஞன் கையிலும் இல்லை, கேட்பவன் கையிலும் இல்லை.

மாணவர்கள் இச்சிறு தொழில்நுட்பத்தைத் தாமே கற்றுக்கொள்ளுதல் நன்று. கருவி பழுதாகும், கம்பனி கடையை மூடும். திறந்த வடிவிலே பேணப்பட்ட பாட்டு அவற்றுக்குப் பின்னும் ஒலிக்கும்.