நேற்றையது

ஒரு பண்டம் காய்ந்துபோய்விட்டதே என்று கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் கவலைப்படமாட்டார்கள். காயவைப்பதையே ஒரு வித்தையாகப் பழகிய ஊர் அது. உளுந்து மாவில் உப்பும் பெருங்காயமும் அப்பளக்காரமும் பிரண்டைச் சாறும் சேர்த்து, உலக்கையால் இடித்து, வட்டமாக இட்டு, பக்குவமாக உலர்த்தி எடுத்த அப்பளத்தால்தான் வெளியூரில் எங்கள் பேர் நிற்கிறது. சரியாக உலராத அப்பளத்தை எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தெருக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

ஆகவே, பிரெஞ்சுக்காரர்களின் குரோஸான் எங்கள் சமையலறைக்குள் ஒரு நாள் பழையதாகவே நுழைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. வேறு விதமாக நுழையவும் வழியில்லை. சென்னையில் சாயங்காலம் வாங்கி, ராத்திரி ரயிலில் திருநெல்வேலி வந்து, காலையில் செங்கோட்டை வண்டி பிடித்து, சேரன்மாதேவியும் வீரவநல்லூரும் தாண்டி இறங்குவதற்குள் அது நேற்றையதாகிவிடும். சித்தியின் பேரன் ஊருக்கு வரும்போதெல்லாம் முட்டை சேராததாக விசாரித்து அரை டஜன் வாங்கி வருகிறான்.

குரோஸானை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறைச் சந்திரன் என்று அதற்குப் பொருள். புளித்த மைதா மாவுக்குள் வெண்ணெயை வைத்து, மடித்துத் தேய்த்து, மறுபடி மடித்துத் தேய்த்து, சுருட்டிச் சுட்டது. நம் ஊர்ப் பரோட்டாவுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். 1683-ல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியர் தோற்றதன் ஞாபகமாக ரொட்டிக்காரர்கள் பிறை வடிவில் செய்தார்கள் என்பது ஸ்தல புராணம். சரித்திரம் சொல்வது அவ்வளவு சுவாரசியமாக இல்லை: 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் ஒரு வியன்னா ரொட்டிக் கடை திறந்தார், பிறை ரொட்டி அங்கே பிரபலமாயிற்று, அதைப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

குரோஸானுக்கு ஆயுசு ஒரு காலைப் பொழுதுதான். மறுநாள் மொறுமொறுப்புப் போய்ச் சவுக்கென்று ஆகிவிடும். மாவிலுள்ள ஸ்டார்ச்சு ஆற ஆற மறுபடி இறுகி அடுக்கிக்கொள்கிறது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகுகிறது. நேற்று வைத்த சாதம் விறைத்துப்போவதும் இதனால்தான். விற்காமல் நின்றதை என்ன செய்வது என்று யோசித்த பிரெஞ்சு ரொட்டிக்காரன் அதைச் சர்க்கரைப் பாகில் முக்கி, வாதுமை விழுதை உள்ளே வைத்து, மறுபடி சுட்டான். இன்று அது சாதாரணக் குரோஸானைவிட அதிக விலைக்குப் போகிறது. இதற்குப் புதிய குரோஸான் உதவாது. அது பாகைக் குடித்துக் குழைந்துவிடும். பழையதுதான் குடித்துவிட்டும் நிமிர்ந்து நிற்கும். சுடச்சுட இறக்கின இட்லியை உதிர்த்து உப்புமா கிளற முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சித்தி செய்யும் முறை இது. நூறு கிராம் வாதுமையை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, துணியில் பரப்பி நன்றாக உலரவிடுகிறாள். அல்வாவுக்குப் போல் ஈரமாக அரைக்கக் கூடாது. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். பொடியோடு நூறு கிராம் சர்க்கரை, நூறு கிராம் வெண்ணெய். பிரெஞ்சுக்காரன் இதில் இரண்டு முட்டை உடைப்பான். சித்தி நாலு கரண்டி பாலும் இரண்டு கரண்டி மைதாவும் போடுகிறாள். முட்டை விழுதை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த வேலையை மைதா ஓரளவுக்குச் செய்கிறது. 'ஓரளவு' என்றுதான் சொல்வேன், சித்தி ஒப்புக்கொள்ளமாட்டாள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டம்ளர் சர்க்கரை. கரைந்து ஒரு கொதி வந்தால் போதும், கம்பிப் பதம் கூடாது. அவர்கள் ரம் சேர்க்கிற இடத்தில் இங்கே ஏலக்காயும் குங்குமப்பூவும். குரோஸானைக் குறுக்கே பிளந்து, ஒவ்வொரு பாதியையும் பாகில் முக்கின கையோடு எடுத்துவிட வேண்டும். ஜாங்கிரியைப்போல் ஊறவிடும் விவகாரமில்லை. நடுவில் விழுது, மூடினபின் மேலே கொஞ்சம் விழுது, அதன் மேல் சீவின வாதுமை. பேரன் வாங்கிக் கொடுத்த ஓவனில் நூற்றெண்பது டிகிரியில் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம். ஓரம் சிவந்து வாசனை திண்ணைக்கு வந்தால் சரி.

சித்தி எங்கள் வீட்டுக்கு மாட்டுப்பெண்ணாக வந்தபோது அடுப்படியில் ஒரு சட்டம் இருந்தது. முதல் நாள் மிஞ்சினது எதுவும் ஆண்கள் இலையில் விழாது. குழந்தைகளுக்குக் காலையில் பழையது உண்டு. மோரும் மாவடுவும் சேர்ந்த விருந்து அது. நான் சொல்வது விறைத்த தோசையையும், சுண்டச் சுண்டக் காய்ச்சி அடிப்பிடித்த குழம்பையும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, இரண்டு மணிக்குமேல், பெண்கள் உட்கார்ந்து அதைக் காலி செய்வார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தினதாக எனக்கு ஞாபகமில்லை. யாரும் 'வேண்டாம்' என்று தடுத்ததாகவும் ஞாபகமில்லை. நேற்றையதை எப்படித் தேற்றுவது என்ற சித்தியின் கைப்பக்குவம் முழுவதும் அந்த இரண்டு மணிச் சாப்பாட்டில் வந்ததுதான். வாதுமையும் வெண்ணெயும் நூறு நூறு கிராமாகப் போட்டு நேற்றையதைத் தேற்ற அப்போது யார் கொடுத்தார்கள்?

போன தடவை நான் போயிருந்தபோது ஆறு குரோஸான்களும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. பேரன் கையை நீட்டினான். எண்பதைத் தாண்டிய சித்தி தட்டை நகர்த்திக்கொண்டாள்.

"நேத்திக்குள்ளதுடா இது. உனக்கு ஆகாது. நேத்திக்குள்ளதெல்லாம் இந்தாத்திலே பொம்மனாட்டிகளுக்குத்தான்."

மேலே வாதுமை மிகுந்திருந்ததைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அடுத்ததை மாட்டுப்பெண்ணிடம் கொடுத்தாள். பேரன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. வெகு நேரம் கழித்து எனக்கு அரைத் துண்டு வந்தது. அதுவும் ஓரம்.