லேடாங் மலையடிவாரத்துக் குடைகள்

தங்காக் பக்கம் போனால், 1276 மீட்டர் உயர குனோங் லேடாங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். மழை விட்ட மறுநாள் அடிவாரக் காட்டில் சற்றுக் குனிந்தும் பாருங்கள். மக்கிய கட்டைகளில் குடைபோல், விசிறிபோல், பவளம்போல் எத்தனை காளான்கள்! மஞ்சள் வலையாகப் படர்ந்து மெல்ல ஊரும் சளிப்பூஞ்சையும் கண்ணில் படலாம். பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது காளான் இனமல்ல.

1929 முதல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணியாற்றியவர் கார்னர் என்ற ஆங்கிலேயர். குரங்குகளைப் பழக்கி, உயர்ந்த மரங்களிலிருந்து இலையும் பூவும் பறிக்க வைத்தவர். ஜொகூர்க் காடுகளிலும் அலைந்தவர். காளான்களை வாடுமுன்பே வரைந்தும் எழுதியும் வைத்தார்.

அதன் அருமை எனக்குத் தாமதமாகவே புரிந்தது. தோட்டத்தில் விழுந்த ரப்பர் மரத்தில் பறித்த காளான்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். மாலைக்குள் கூழாகிவிட்டன. நிறமும் மணமும்கூட நினைவில்லை.

நீங்கள் காகிதப் பையில் போடுங்கள். நாள், இடம், மரம், நிறம், மணம் ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே சீட்டில் எழுதுங்கள். மிதமான சூட்டில் உலர்த்துங்கள். பெயர் தெரியாததை வாயில் வைக்காதீர்கள். லேடாங் பூங்காவில் அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது. அங்கே குறிப்பேடு போதும். பழகிக்கொள்ள வீட்டுப் பக்கத்து ரப்பர் கட்டை இருக்கிறதே! அடுத்த மழைக்குள் பென்சிலை எடுத்து வையுங்கள்.