போல்ட் ஏறினால் போதுமா?

எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், ராவணா நீர்வீழ்ச்சியைச் சுற்றி வளைவுக்கு மேல் வளைவு. தெமோதரை, அப்புத்தளைப் பக்கம் தோட்டப் பாதைகளுக்குள் நுழைந்தால் தார் தேய்ந்து, கல்லும் சேறும் மிஞ்சும். ஒரு காலத்தில் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர்கள் இந்தப் பாதைகளுக்கென்றே பிறந்தவை போல ஓடின. அவற்றின் சீரிஸ் 3 வகைத் தயாரிப்பு 1985இல் நின்றுவிட்டது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. கையில் இருக்கும் வண்டியைப் பிரித்துக் கோப்பதே கதி என்றிருந்த காலம் அது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு வண்டியின் டிஃபரன்ஷியல் (டிஃப்), இன்னொன்றின் ஹப், வேறொன்றின் ஷாஃப்ட் என்று வாங்கிவந்து முன் ஆக்சில் கட்டுவது பெரிய கைத்தொழில். அதைச் செய்யும் பாஸ்மாரை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் முன் ஆக்சிலில் பொருந்தாத சாமானைவிடப் பொருந்திவிடும் சாமான்தான் ஆபத்து.

பழைய ஷாஃப்டில் 10 ஸ்ப்லைன். 1990களில் வந்தவற்றில் 24. மாற்றிப் போட்டால் உள்ளேயே நுழையாது, கதை அங்கேயே முடிந்துவிடும். டிஃப் அப்படி அல்ல. சீரிஸ் 2, 3 வண்டிகளில் அதன் விகிதம் 4.7. பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃப் அதே கூட்டில் அழகாக உட்காரும், பெரிய வீதியில் வேகமும் கிடைக்கும். பின்பக்கம் ஷாஃப்டை உருவுவது சுலபம். முன்பக்கம் ஹப்பையும் பிரேக்கையும் கழற்றியாக வேண்டும். அதனால் சிலர் பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

இரு சக்கர ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. மழையில் ஏற்றம் வந்து நான்கு சக்கரத்தையும் இணைத்த நிமிடம், முன் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும் நேரத்தில் பின் சக்கரம் ஏறத்தாழ நான்கு சுற்றச் சொல்லி கியர்பெட்டி இழுக்கும். இந்த வண்டிகளில் நடு டிஃப் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கித் தப்பும். பாறையில் அந்த இழுவை முழுவதும் பல்லிலும் ஷாஃப்டிலும் இறங்கும்.

பிரேக்கும் இப்படித்தான். 88 அங்குல வீல்பேஸ் வண்டிக்கு 109 அங்குல வண்டியின் 11 அங்குல முன் டிரம் போடுவது நல்ல மாற்றம். சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர், பிடியும் உறுதி. ஆனால் அந்தப் பின்தட்டுகளுக்கு இடம், வலம் உண்டு. மாறிப் போட்டாலும் எல்லாப் போல்ட்டும் ஏறும். முன்னோக்கிப் போகும்போது பிடி மட்டும் வெகுவாகக் குறையும். மாஸ்டர் சிலிண்டரும் அதற்கேற்றதாக இல்லாவிட்டால் பெடல் ஆழத்துக்குப் போகும். வெல்லவாய இறக்கத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

விகிதம் பார்க்கக் கருவி வேண்டாம். சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹாண்ட்பிரேக்கை விட்டு, ட்ரான்ஸ்பரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுவே விகிதம். முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். கொழுந்துக் கூடையோடு ஆட்கள் நடக்கும் பாதைகளில் பயணிகளை ஏற்றிப் போகும் எல்ல ஜீப்காரர்கள், சீசன் தொடங்கும் முன் இதை ஒருமுறை செய்துவிட வேண்டும்.