அசையாமல் நிற்பவை

மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை எவ்வளவு விறைப்பாகக் கட்டினாலும் ஈரப் போர்வையைப் போட்டதும் நடுவில் தொய்ந்துவிடும். தொய்வைப் பார்க்கப் பொறுக்காதவர்கள் இன்னும் இழுத்துக் கட்டுவார்கள். சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது அதற்குப் பிறகுதான்.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். ஆணிக்கு ஆணி 4 மீட்டர், நடுவில் 3 கிலோ போர்வை. கயிறு முக்கால் மீட்டர் தொய்ந்திருந்தால் அதிலுள்ள இழுவிசை நாலேகால் கிலோ அளவுதான். 18 செ.மீ. மட்டும் தொய்ந்தால் 17 கிலோ ஆகிவிடும். 7 செ.மீ. என்றால் 43 கிலோ. மூன்றரை செ.மீ.க்குக் குறைத்துவிட்டால் 86 கிலோ. (விசையை நியூட்டனில் சொல்வதுதான் முறை. இந்தக் குறிப்புகளில் கைக்குத் தெரிந்த கிலோவிலேயே எழுதுகிறேன்.)

போர்வையைப் பூமி நேர் கீழே இழுக்கிறது. அதை ஈடுகட்ட நேர் மேலே இழுக்க ஆள் வேண்டும். கயிறு தன் நீளவாக்கில்தான் இழுக்கும். சாய்ந்திருந்தால்தான் அந்த இழுப்பில் ஒரு பங்கு மேல்நோக்கிக் கிடைக்கும். சாய்வு குறையக் குறைய அந்தப் பங்கு சிறுத்துப்போகிறது. 3 கிலோவைத் தாங்குவதற்காகக் கயிற்றின் இரு பாதிகளும் ஒன்றையொன்று 86 கிலோவுக்கு இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படுக்கைவாட்டில் முழு நேர்கோடாக நிற்கும் கயிறு உலகத்தில் கிடையாது; அதன் சொந்த எடையே விடாது. மின்கம்பிகளைக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டே கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிரில் நின்று பார்ப்பவருக்கு 86 கிலோவும் தெரியாது, நாலேகால் கிலோவும் தெரியாது. இரண்டு கொடியிலும் போர்வை ஒரேபோல் அமைதியாகக் காய்கிறது. விசைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. ஒன்றையொன்று தின்றது போக மீதமுள்ள விசை மட்டுமே கண்ணுக்கு அகப்படுகிறது. எவ்வளவு தின்றது என்பது வெளியே தெரிவதில்லை.

*

பள்ளியில் சமன் செய்யப்பட்ட விசைகளுக்குப் படம் போடுவார்கள்: மேசைமேல் புத்தகம், கீழ்நோக்கி ஓர் அம்பு, மேல்நோக்கி ஓர் அம்பு. கீழ் அம்பு எடை, மேல் அம்பு மேசை தள்ளுவது. அதுவரை சரி. பக்கத்திலேயே நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதி, இவைதான் வினையும் எதிர்வினையும் என்று பல பிள்ளைகள் மனத்தில் பதிய விட்டுவிடுகிறார்கள். அது பிழை. வாழ்நாள் முழுக்கத் தொடரும் பிழை என்பதால் எனக்கு இதில் கோபமே உண்டு.

பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் எதிர்வினை புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது என்றால் எதிர்வினை புத்தகம் மேசையை அழுத்துவது. வினையும் எதிர்வினையும் எப்போதும் இரண்டு வேறு பொருள்கள்மேல் விழுகின்றன. அதனால் அவை ஒன்றையொன்று சமன் செய்ய வழியே இல்லை. சமன் என்ற கணக்கை ஒரே பொருள்மேல் விழும் விசைகளுக்கு மட்டும்தான் போட முடியும்.

சந்தேகம் இருந்தால் அந்த மேசையை லிஃப்ட்டுக்குள் வைக்கலாம். லிஃப்ட் மேலே கிளம்பும் நொடியில் மேசையின் தள்ளல் புத்தகத்தின் எடையைவிடக் கூடுகிறது. அதனால்தான் புத்தகமும் மேலே கிளம்புகிறது. சமன் போய்விட்டது. மூன்றாம் விதியின் இணைகளோ அப்போதும் இம்மி பிசகாமல் சமமாகவே இருக்கின்றன. இந்த ஓர் உதாரணத்தை வகுப்பில் சொன்னால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

*

விரித்த உள்ளங்கையின் பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. காற்று ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு அழுத்துகிறது. ஆக, உள்ளங்கைமேல் 150 கிலோ. புறங்கையிலும் அதே அளவு. கை ஒன்றையும் உணர்வதில்லை.

*

குக்கர்.

நல்ல கொதியில் உள்ளே இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ கூடுதல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை சூடேறுவதும், துவரம்பருப்பு சீக்கிரம் குழைவதும் அதனால்தான். மூடியின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. அதாவது 300 கிலோவுக்கும் மேலான ஒரு தள்ளல், அடுப்படியில், சத்தமில்லாமல், மூடியை மேலே தூக்கப் பார்க்கிறது. மூடியின் விளிம்பும் பாத்திரத்தின் விளிம்பும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. உள்மூடி வகையில் மூடி உள்ளிருந்தே விளிம்போடு அழுந்திக் கிடக்கும். ஆவி அடங்குமுன் திறக்க முயன்றால் கை அசைக்கவே முடியாததற்குக் காரணம் அந்த 300 கிலோ.

அதே ஆவியை அளந்து கட்டுப்படுத்துவது மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன வெயிட். ஆவித் துளை மூன்றரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஒரு சதுர செ.மீ.யில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அங்கே ஆவி தள்ளுவது 100 கிராம் அளவுக்குத்தான். வெயிட்டின் எடையும் அதை ஒட்டியே இருக்கும். தள்ளல் ஒரு துளி மிஞ்சினால் வெயிட் எழும்பும், விசில் வரும், அழுத்தம் இறங்கும், வெயிட் மறுபடி உட்காரும். எவ்வளவு அழகான தீர்வு! 300 கிலோவை நேருக்கு நேர் எதிர்க்காமல், ஒரு துளை அகலத்தில் அதை அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

துளையில் பருப்பு நுரை காய்ந்து அடைத்துக்கொண்டால் வெயிட்டுக்கு உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடுகிறது. வெளியே பார்த்தால் குக்கர் முன்பைவிட அமைதியாக இருக்கும். விசில் வர வேண்டிய நேரத்தில் வராத குக்கரை உடனே அடுப்பை அணைத்துவிட்டு ஆறவிட வேண்டும். துளையில் ஊதிப் பார்த்த பிறகே வெயிட் போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

*

திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் என்று சொல்வார்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். இப்போது பின்னாலிருந்து புல்டோசரும் தள்ளுகிறது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது.

தேர் கிளம்புவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை. முதல் நூறு பேர் இழுக்கிறார்கள், தேர் அசையவில்லை. தரையின் தடை அந்த நூறு பேருக்கு மட்டும் ஈடுகொடுக்கிறது. ஐநூறு பேர் சேர்ந்ததும் அதுவும் ஐநூறு பேருக்கு ஈடாக வளர்கிறது. நிற்கும் பொருளைப் பிடித்து வைக்கும் உராய்வு ஒரே அளவாக இருப்பதில்லை. கேட்ட அளவுக்குக் கொடுத்துக்கொண்டே போகும். அதற்கு ஓர் எல்லை உண்டு. இழுப்பு அந்த எல்லையைத் தாண்டியதும் தேர் குலுங்கிக் கிளம்புகிறது. கிளம்பிய பிறகு தடை குறைவு. அதனால்தான் முதல் அடிக்கு அத்தனை ஆரவாரமும் நெம்புகோலும் வேண்டியிருக்கின்றன.

கடைசியாக வந்து வடத்தைத் தொட்டவர் தன் கைபட்டதும் தேர் நகர்ந்தது என்று மகிழ்ந்தால் மகிழட்டும். முதலில் வந்து இழுத்து, ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் விசையும் அந்த எல்லைக்குள் முழுசாக இருந்தது.

முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஓடும் தேரின் சக்கரத்தடியில் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகி எடுக்கும் வேலை. ஒரு பக்கச் சக்கரத்துக்குத் தடை கொடுத்தால் மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும். ஸ்டியரிங் இல்லாத 300 டன்னை வீதி முனையில் திருப்புவது சமனை வேண்டுமென்றே குலைக்கும் இந்தக் கலைதான். கட்டையை எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எந்தக் கணத்தில் வைப்பது என்பதெல்லாம் கை அனுபவம். எந்தப் பொறியாளருக்கும் குறையாத மரியாதை அவர்களுக்கு உரியது.

*

டவுன் பஸ் கண்டக்டர் இரண்டு கையாலும் டிக்கெட் கொடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நிற்பார். காலை அகட்டி, இடுப்பைச் சீட்டுக் கம்பியில் சாய்த்து.

பிரேக் போட்டதும் யாரோ முன்னால் தள்ளியதுபோல் இருக்கிறது என்போம். தள்ளுகிறவர் யாருமில்லை. பஸ்ஸின் தரை நம் பாதத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. மேல் உடம்பு பழைய வேகத்திலேயே போகிறது. 40 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் மூன்று நொடியில் நின்றால், 60 கிலோ ஆளை நிறுத்த 23 கிலோ அளவுக்குப் பின்னிழுப்பு வேண்டும். அது முழுக்கப் பாதத்தில் மட்டும் கிடைத்தால் ஆள் கவிழ்வார். கண்டக்டர் அதில் ஒரு பகுதியை இடுப்பில் வாங்கிக்கொள்கிறார். நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்பே பின்பக்கம் சாய்ந்தும்விடுகிறார்.

*

பஸ் ஒரே சீராக 80 கி.மீ.யில் நேர்ச் சாலையில் போகும்போது அதன்மேல் நிகர விசை சுழி. மேசைமேல் கிடக்கும் புத்தகத்துக்கும் அதற்கும் அந்த வகையில் வித்தியாசமே இல்லை. பெரியவர்களும் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் டீசல் எங்கே போகிறது? காற்றின் தடைக்கும் டயரின் தடைக்கும் ஈடுகட்டத்தான். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: 60 கி.மீ.யிலிருந்து 90-க்குப் போனால் அது இரண்டேகால் மடங்கு. அவசரத்தின் விலை டீசலில் ஏறுவது இப்படித்தான்.

ஓடிக்கொண்டிருக்க விசை வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண் பாதையில் மாட்டு வண்டியைப் பார்த்து வளர்ந்த எவரும் அப்படித்தான் சொல்வார். வழவழப்பான சாய்பலகையில் உருண்டையை உருட்டிப் பார்த்து, தடையே இல்லாவிட்டால் அது நிற்க வேண்டிய தேவை இல்லை என்று கலிலியோ யோசித்தார். நியூட்டன் 1687-இல் அதை முதல் விதியாக வைத்தார். 1977-இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இன்று நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக எந்த எஞ்சினும் ஓடவில்லை. தூரத்துச் சூரியனின் மெல்லிய பின்னிழுப்பு மட்டும் உண்டு.

*

2 கி.மீ. உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்குக் காற்றுத் தடை இல்லாவிட்டால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 700 கி.மீ. இருக்கும். நெல் நாற்று மிஞ்சாது. 2 மி.மீ. துளி ஏழெட்டு மீட்டர் விழுவதற்குள்ளாகவே காற்றின் தடை அதன் எடைக்குச் சமமாகிவிடுகிறது. மீதி வழி முழுக்க மணிக்கு 23 கி.மீ. அளவில் ஒரே சீராக இறங்குகிறது.

*

பதினைந்து லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்று பேசும் பெண் செய்யும் வேலை எவ்வளவு? பாடப் புத்தகம் சுழி என்கிறது. விசை உண்டு, நகர்வு இல்லை. ஆகவே வேலை இல்லை. தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

குடத்தைப் பொறுத்தவரை அது சரி. அவள் உடம்பைப் பொறுத்தவரை சரியில்லை. மேசை தாங்கும்போது அதற்குச் செலவு எதுவும் இல்லை. தசை அப்படித் தாங்குவதில்லை. அதன் இழைகள் ஓயாமல் பற்றி, விட்டு, மறுபடி பற்றுகின்றன. ஒவ்வொரு பற்றலுக்கும் சாப்பிட்ட சோற்றிலிருந்து ஒரு செலவு. குடம் ஒரு பக்கம் இழுப்பதால் உடம்பு மறுபக்கம் வளைந்து, எதிர்க் கை விலகி, முதுகுத் தசைகள் இழுத்துப் பிடித்து நிற்கின்றன. தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தால் எடை நேராக எலும்பு வழியே இறங்குவதால் அந்த வளைவாவது மிச்சம். அந்தப் பாடத்தை நடத்தும்போது குடத்துக்கு ஒரு கணக்கும் சுமப்பவருக்கு ஒரு கணக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். தண்ணீருக்காக அலையும் தெருப் பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுத்தல். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலும் இருந்த போட்டி.

இரு பக்கமும் 500 கிலோ விசையோடு இழுத்தால் கயிற்றில் இருப்பது 1000 என்று தோன்றும். 500தான். எதிர் அணிக்குப் பதில் ஒரு புளியமரத்தில் கட்டி இழுத்தாலும் அதே 500. கயிறு இரு அணியையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் இழுக்கிறது. வெற்றியை முடிவு செய்வது பாதம். தரையை யார் அதிகமாக உதைத்துத் தள்ளுகிறார்களோ அவர்கள் பக்கம் கயிறு போகும். குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே தாளத்தில் இழுக்கும் ஒல்லியான அணி, வழுக்கும் செருப்போடு நிற்கும் பருத்த அணியை எளிதாக வென்றுவிடும்.

1997-இல் தைபே நகரில் 1,600-க்கு மேற்பட்டோர் ஒரே கயிற்றை இழுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு 800 பேர், ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலே கயிற்றில் 40 டன். கயிறு அறுந்தது. தேங்கி நின்ற அத்தனை விசையும் ஒரு நொடியில் ஈடில்லாமல் போய், அறுந்த நுனிகள் சுண்டியடித்தன. இருவருடைய கை துண்டானது. அறுவதற்கு முந்தைய நொடி வரை அந்தக் கயிறு பார்வைக்குக் கிட்டத்தட்ட அசையாமல்தான் இருந்திருக்கும்.

ஆள் கூடக் கூட அதே கயிறு போதாது. எத்தனை பேர் என்று எண்ணி, கயிற்றின் தாங்குதிறனைக் கேட்டு வாங்க வேண்டும்; பழைய கிணற்றுக் கயிற்றை எடுத்து வரக் கூடாது. யாரும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள விளையாட்டு நடத்துகிறவர்களில் ஒருவரை அதற்கென்றே நிறுத்த வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிறு போகும் நேர்கோட்டிலிருந்து ஒதுக்கி, பக்கவாட்டிலும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.